அண்ணாவியாரின் இருமல்

போன மாதம் ஒரு இளம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். மன்னாரில் நான் நெடுங்காலம் தேய்த்த கதிரையில் இப்போது இருப்பவர் அவர்தான். தேநீர் வருவதற்கு முன்னரே போனை எடுத்து ஒரு படம் காட்டினார். அதில் அவரே நின்று ஒரு விற்றமின் மாத்திரையை வாயில் போடுகிறார், தண்ணீர் குடிக்கிறார், வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார். காசநோய்க்காரர் மருந்து விழுங்குவதை இனி இப்படிப் படம் பிடித்து அனுப்பினால் போதுமாம். நாங்கள் கந்தோரில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாமாம். மாதிரி காட்டத் தன்னையே பிடித்திருக்கிறார்.

“உங்கட காலத்தில இதுக்கு என்ன செய்தனீங்கள், சேர்?”

“கூத்தாடினனான், தம்பி.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வாய்த்த சாபம் இது. நான் பகிடி விட்டாலும் சிரிப்பார்கள், உண்மை சொன்னாலும் சிரிப்பார்கள். உண்மைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பார்கள். அவர் போன பிறகு மனைவி சொன்னாள்: “எழுதி வையுங்கோ. எழுத்தில எண்டால் ஒருவேளை நம்புவினம்.”

அதனால் எழுதுகிறேன்.

நான் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல்காரன் பிள்ளை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தெற்கே போனேன், சிங்களம் படித்தேன், மலசலகூடக் குழியின் ஆழம் அளக்கப் படித்தேன், திரும்பி வந்தேன். என் கனவெல்லாம் சாப்பாட்டுக் கடைகளைப் பரிசோதிப்பது. பி.எச்.ஐ., அதாவது சுகாதாரப் பரிசோதகர், உள்ளே நுழைந்தால் முதலாளி எழும்பி நிற்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னை நெஞ்சு நோய்க் கிளினிக்கில் போட்டார்கள். நான் நுழைந்தால் அங்கேயும் சனம் எழும்பியது, ஆனால் எழும்பி ஓடியது.

என் மோட்டார் சைக்கிளை மன்னார்த் தீவு முழுவதுக்கும் தெரியும். அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும். காசநோய்க்கு ஊர்ப் பெயரான ‘கசம்’ என்ற சொல்லைச் சனம் வாய்விட்டுச் சொல்வதில்லை, என் வண்டியைச் சுட்டிக்காட்டினால் போதும். அதனால் நான் வண்டியைத் தவறணை வாசலில் விட்டுவிட்டு ஒழுங்கைகளுக்குள்ளால் நடந்து நோயாளி வீட்டுக்குப் போவேன். பி.எச்.ஐ. ஐயா காலமையே கள்ளுக் குடிக்கிறார் என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டும், அந்தப் பெயர் என்னோடு போகும். மனைவிக்கு மட்டும் இதை விளங்கப்படுத்த வெகு காலம் எடுத்தது. வாயை மணந்து பார்த்த பிறகும் அவளுக்குச் சந்தேகம்.

கிளினிக்கில் எங்களுக்கு மேலே ஒரு டொக்டர் அம்மா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன உருவம், சின்னக் குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் சின்னதாகும். அவர் வந்த முதல் நாள் மருந்தைப் பற்றியோ பதிவுகளைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. அறையின் நடுவில் நின்று கைலேஞ்சியை விரலில் பிடித்துத் தூக்கி, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். பிறகு தன் கதிரையைத் தானே தூக்கி, காற்று வரும் யன்னலுக்கு முன்னால் வைத்தார். நோயாளியின் கதிரையை எதிர்க் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். காற்று அவருடைய முதுகைத் தொட்டு, நோயாளியைத் தொட்டு, வெளியே போக வேண்டும். “முதல் மருந்து இதுதான். இதுக்கு மருந்துச் சீட்டு வேண்டாம்” என்றார். சோளகக் காற்று ஓய்ந்து வாடைக் காற்று பிடிக்கும் காலத்தில் எங்கள் மீனவர் கரை மாறி வாடி, அதாவது கடற்கரைக் குடிசை, போடுவார்கள். டொக்டர் அம்மா கதிரை மாற்றிப் போடுவார். யாராவது மறந்து பழைய இடத்தில் வைத்தால் ஏசமாட்டார். வாசலிலேயே நின்று, “கதிரை” என்பார். அவ்வளவுதான்.

நோயாளி வந்தால் நெஞ்சில் குழாயை வைப்பதற்கு முன்னர் கண்ணை மூடுவார். “இருமுங்கோ” என்பார். இருமுவார்கள். “மறுபடி.” மறுபடியும் இருமுவார்கள். கண்ணைத் திறக்காமலே தலையாட்டுவார். என்ன கேட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. சங்கீதக் கச்சேரிக்கு வந்தவர் போல இருப்பார்.

சளி எடுப்பது என் பொறுப்பு. கேட்க எளிது. மூடி போட்ட ஒரு பிளாஸ்ரிக் டப்பாவைக் கொடுத்து, விடியப் பல் தீட்ட முதல் இருமி இதற்குள் துப்பிக்கொண்டு வா என்று சொல்ல வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எச்சிலைத் துப்பிக்கொண்டு வருவார்கள். எச்சிலில் கிருமி தெரியாது. நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி வர வேண்டும். ஆகவே நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று செய்து காட்டுவேன். மூச்சை இழுத்து, பிடித்து, குனிந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல். செய்யச் செய்ய எனக்கு அதில் ஒரு கைராசி வந்துவிட்டது. சுருட்டுக்காரர் இருமல், பீடிக்காரர் இருமல், பரீட்சைக்குப் போக விருப்பமில்லாத பிள்ளையின் இருமல் என்று வகைவகையாக இருமிக் காட்டுவேன். பயந்து வந்த சனம் சிரித்துவிட்டுத் துப்பும். சிரித்தவனுக்குச் சளி சுகமாக வரும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர், ஓலைத்தொடுவாயிலிருந்து கூப்பிடு தூரம் என்பதற்கு மேல் கேட்காதீர்கள்.

சந்தியோகு என்ற மீனவர் ஒரு புரட்டாதி மாதம் கிளினிக்குக்கு வந்தார். ஆள் நல்ல உயரம், தோளெலும்பு சட்டைக்கு வெளியே முட்டிக்கொண்டு நின்றது. சளியில் கிருமி இருந்தது. டொக்டர் அம்மா அவருக்கு மெல்லச் சொன்னார்: காசநோய், ஆறு மாதம் மருந்து, ஒரு நாளும் விடக் கூடாது, விடாவிட்டால் முழுதாய்ச் சுகம் வரும். வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் அழுவார்கள், அல்லது சண்டை பிடிப்பார்கள். சந்தியோகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“டொக்டர், குரல் போகுமோ?”

அந்தக் கத்தோலிக்க ஊரில் தை மாதத் திருநாளுக்குக் கூத்து உண்டு. கிறிஸ்துவின் வேதத்துக்காக உயிர் கொடுத்த ஒருவரின் கதை. அதில் வரும் கொடுங்கோல் ராசா சந்தியோகு. அதற்கு முன்னர் அவருடைய தகப்பன் ராசா. ஊரிலே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு, மீன் விற்கும் இடத்திலும் “ராசா, சூடை என்ன விலை?” என்றுதான் கேட்பார்கள்.

“மருந்து போட்டால் குரல் போகாது. ஆனால் கொஞ்ச நாளைக்கு ஆக்களோட சேர்ந்து பாடக் கூடாது. சளியில கிருமி குறையுற வரைக்கும்” என்றார் டொக்டர் அம்மா.

“கூத்துப் பழக்கிற அண்ணாவியாருக்கு என்னத்தைச் சொல்லுறது? தொண்டை கட்டிப்போச்சு எண்டால் அவர் மிளகும் இஞ்சியும் கொண்டு வீட்டை வந்து இருந்திடுவார். வருத்தம் எண்டு தெரிஞ்சால், மகளுக்குப் பேசாலையில சம்பந்தம் பேசி முடியிற நேரம்...”

எனக்கு உடனே ஒரு யோசனை. “வாய் திறக்கிறேல்லை எண்டு அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன் எண்டு எழுதிக் காட்டுங்கோ. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்.”

சந்தியோகு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. “ஐயா, நீங்கள் சைவக்காரர், உங்களுக்குத் தெரியாது. அந்தோனியாரோட பகிடி விடேலாது.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பொய்யாச் சொல்லமாட்டன். உண்மையாவே வைக்கிறன்.”

வைத்தார். இரண்டு கிழமை அந்த மனிதர் வாய் திறக்கவில்லை. மருந்து கொடுக்கப் போன என்னோடும் கதைக்கவில்லை. மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று நான் சொல்ல மறந்துவிட்டேன். அதைக் கண்டு அவர் பதறி வந்து எனக்கு ஊமைப் பாஷையில் கேட்டதை இங்கே விவரிக்க முடியாது. அவருடைய மனைவி பிலோமினா குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

நேர்த்தி முடிந்தது, ராசா கூத்துப் பழகும் கோயில் மண்டபத்துக்குத் திரும்பினார். மருந்தைத் தினமும் ஒருவர் முன்னால் விழுங்க வேண்டும், அதுதான் முறை. ஆஸ்பத்திரிக்கு வந்தால் வரிசையில் ஊர்ச் சனம் பார்க்கும். தவறணை வாசலில் என் வண்டியோ அளவுக்கு மேலே நின்றுவிட்டது, தவறணைக்காரரே எனக்குப் புத்தி சொல்லத் தொடங்கியிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கூத்தின் கட்டியகாரன், அதாவது ராசாவின் வருகையை முன்னால் வந்து கூறும் ஆள், வேலை கிடைத்துக் கட்டாருக்குப் போய்விட்டான். சந்தியோகு என்னைப் பார்த்தார். நான் டொக்டர் அம்மாவைப் பார்த்தேன். டொக்டர் அம்மா, “பின்னேரம் கூத்துப் பழகிற இடத்தில, வெறும் வயித்தில எண்டாலும் சரிதான்” என்றார்.

அண்ணாவியாரை அப்போதுதான் முதன்முதல் கண்டேன். கூத்தைப் பழக்குகிறவர், பாட்டை எடுத்துக் கொடுக்கிறவர், ஊரில் பாதிரியாருக்கு அடுத்தபடி அவர் சொல்தான். சூசைமுத்து அண்ணாவியார். மெலிந்த ஆள், காதில் எப்போதும் ஒரு சுருட்டு, வாயில் இன்னொன்று.

“பாடு பாப்பம்” என்றார்.

பாடினேன்.

அண்ணாவியார் மத்தளக்காரரைத் திரும்பிப் பார்த்தார். “மத்தளம் ஏதும் கிழிஞ்சிட்டுதோ?”

“இல்லை அண்ணாவியார். இவர் பாடினது.”

“ஓ.”

அண்ணாவியார் எடுக்கும் அடியைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டுக்காரர்களில் ஒருவருக்கு வேறு சந்தேகம். “சைவக்காரன் எங்கட கூத்தில எப்பிடி, அண்ணாவியார்?”

“ராசா ஆர்? வேதத்துக்கு எதிரி. அவன்ர கட்டியன் சைவமாய் இருந்தால் பொருத்தம்தானே. பாட்டு முழுக்க வெட்டு. வந்து நிண்டு ‘ராசாதி ராசன் வாறார், பராக்’ எண்டு சொன்னால் காணும். அதையும் மெல்லமாச் சொல்லட்டும்.”

இப்படியாக நான் நடிகனானேன். ஒரு வரி. அந்த வரியோடு ராசாவுக்கு வெற்றிலைத் தட்டமும் செம்பில் தண்ணீரும் நீட்டுவது என் வேலை என்று நானே சேர்த்துக்கொண்டேன். வெற்றிலைக்குள் மாத்திரைகள். ராசா சிங்காசனத்தில் இருந்து விழுங்குவார். விழுங்கியதை நான் பார்க்க வேண்டுமல்லவா, ஆகவே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி என்னை நோக்கிக் காட்டுவார். அண்ணாவியாருக்கு அது பிடித்துப்போயிற்று.

“நல்லாயிருக்கு சந்தியோகு! கொடுங்கோலன் எண்டால் அப்பிடித்தான் இருப்பான். திருநாளிலையும் செய்.”

கோயில் மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் பெரிய யன்னல்கள். கடற்காற்று அள்ளிக்கொண்டு வரும். ஆனால் கூத்துப் பழக்கம் தொடங்கினால் ஒரு யன்னல்கூடத் திறந்திருக்காது. கதவுக்குத் தடி. ஏன் என்று கேட்டேன். பக்கத்துக் கோயிலடிக்காரருக்கும் இவர்களுக்கும் தலைமுறைப் போட்டி. அண்ணாவியார் புது மெட்டுக் கட்டியிருக்கிறார். யன்னலைத் திறந்தால் அவர்கள் வேலிக்கு அங்கால் நின்று மெட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே முப்பது ஆம்பிளைகள் பூட்டிய மண்டபத்துக்குள் நின்று அடிவயிற்றிலிருந்து பாடினோம். வேர்வையில் என் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இதற்குள்ளே டொக்டர் அம்மாவின் கைலேஞ்சியைத் தூக்கிப் பிடித்தால் அது அசையவே அசையாது என்று நினைத்துக்கொள்வேன். நினைத்ததோடு சரி. மூளை அதற்கு அப்பால் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. நான் நடிப்பில் மூழ்கிப்போயிருந்தேன்.

அண்ணாவியார் இருமுவார். பாட்டின் அடி முடிந்ததும் ஒரு இருமல். ஆழமாகத் தொடங்கி, நடுவில் ஒரு முறை இழுத்து, கடைசியில் பாய்மரத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தத்தில் முடியும். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, சுருட்டுக்காரருக்கு இருமல் இருக்கத்தானே செய்யும். எனக்கோ அது பொக்கிஷம். இளவட்டப் பிற்பாட்டுக்காரரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவர் வெளியே போன நேரம் அப்படியே இருமிக் காட்டுவேன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒரு நாள் கிளினிக்கில் தேநீர் நேரம். தாதிமார் கேட்க, நான் கூத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணாவியார் நடப்பது இப்படி, சுருட்டைப் பிடிப்பது இப்படி, இருமுவது இப்படி என்று முழு அரங்கேற்றம். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே இருந்த டொக்டர் அம்மா கதவடிக்கு வந்தார். அவரையும் சிரிக்க வைத்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடினார்.

“மறுபடி.”

இருமினேன்.

“நடுவில இழுத்தீங்களே, அது உங்கட கைச்சரக்கோ, அவர் அப்பிடித்தானோ?”

“அவர் அப்பிடித்தான், டொக்டர்.”

“மறுபடி.”

மூன்றாவது தடவை இருமும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாதிமாரும் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“ஆள் மெலிஞ்சிருக்கிறாரோ?”

அண்ணாவியாரின் சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்துப் போகும் அளவுக்கு இடம் இருந்தது. அதையும் நான் நடித்துக் காட்டியிருந்தேன். “ஓம்” என்றேன்.

“பாடுற இடம் எப்பிடி? காத்து வருமோ?”

நான் சொன்னேன். அவருடைய குரல் இன்னும் சின்னதாயிற்று. “அந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

சொல்வது எளிது. அடுத்த நாள் பழக்கம் முடிந்ததும் அண்ணாவியாரைத் தனியே பிடித்துக் கேட்டேன். “அண்ணாவியார், ஒருக்கால் சளி பாப்பமே? சும்மா ஒரு பரிசோதனை.”

“என்ர இருமலுக்கு என்ர வயசு. உன்ர வேலையை இதுக்குள்ள கொண்டு வராத. கட்டியகாரனாய் வந்தால் கட்டியகாரனாய் நில்.” சுருட்டைக் கொளுத்தினார். “பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை, சளி கேக்கிறான்!”

பல விதமாகக் கேட்டேன். பகிடியாய்க் கேட்டேன், பணிவாய்க் கேட்டேன், எல்லோருக்கும் பொதுவாய்க் கேட்டேன். நான் வாயைத் திறந்தாலே பிற்பாட்டுக்காரர் சிரித்தார்கள். என்னுடைய இருமல் நடிப்பின் தொடர்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள். வேறு ஒருவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சந்தியோகு மாத முடிவில் கிளினிக்குக்கு வந்தபோது டொக்டர் அம்மா அவரை இருத்தி வைத்துக் கதைத்தார்.

“உங்கட வீட்டில எல்லாருக்கும் பாத்திட்டம், ஒண்டுமில்லை. அப்ப உங்களுக்கு வேறெங்கையோ இருந்து வந்திருக்கு. அது இன்னும் அங்கேயே இருக்கும். மண்டபத்தில பாடுற எல்லாருக்கும் பாக்க வேணும். கேட்டம், தரமாட்டினமாம்.”

“அண்ணாவியாரோ?” என்றார் சந்தியோகு.

டொக்டர் அம்மா பதிவுப் புத்தகத்தை மூடினார். “உங்கட பெயரை நானும் சொல்லமாட்டன், இவரும் சொல்லமாட்டார். அது உங்கட சொத்து” என்றார்.

சந்தியோகு வெளியே வந்து வேப்பமரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போனார். பிறகு என்னிடம் கேட்டார்: “ஐயா, மருந்து போடாட்டி அந்த மனுசனுக்கு எவ்வளவு காலம்?”

“தெரியாது, சந்தியோகு. ஆனால் திருநாளுக்குப் பாடுவார் எண்டு என்னால சொல்லேலாது.”



அன்று பின்னேரம் பழக்கத்தில் சபைக் காட்சி. ராசா சிங்காசனத்தில் இருந்து, “கட்டியகாரா, நம் நாட்டு வளம் எப்படி?” என்று கேட்க வேண்டும். மந்திரிதான் பதில் பாடுவார், என்னைப் பாட விடுவதில்லை. சந்தியோகு கேட்டார். மந்திரி வாயெடுக்க முதல், ராசாவின் அதே குரலில் சொன்னார்:

“நாட்டுக்கு வளம். ராசாவுக்குக் கசம்.”

மண்டபம் சிரித்தது. கட்டியகாரன் எழுதிக் கொடுத்த பகிடி என்று நினைத்தார்கள். யாரோ என் முதுகில் தட்டினார்கள். மத்தளக்காரர் ஒரு உருட்டு உருட்டினார்.

சந்தியோகு காகிதக் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்தார். அதற்குப் பிறகு பேசியது அவருடைய சொந்தக் குரல்.

“உண்மையாத்தான் சொல்லுறன். எனக்குக் கசம். இந்த மனுசன் கூத்தாட வரேல்லை. வெத்திலைக்குள்ள எனக்கு மருந்து கொண்டு வாறவர். இப்ப எனக்குச் சுகம் வந்துகொண்டிருக்கு, மற்றவைக்குத் தொத்தாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டா. ஆனால் என்னைப் போல இன்னும் ஆரும் இதுக்குள்ள இருக்கலாம். எல்லாரும் சளி குடுங்கோ. நீங்கள் குடுக்காட்டி நான் இந்தக் கிரீடத்தை வைக்கமாட்டன்.”

சிரிப்பு நின்றது. எல்லோரும் அண்ணாவியாரைப் பார்த்தார்கள். அவர் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தச் சத்தம் மட்டும் மண்டபத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நான் எத்தனையோ தடவை நடித்த சத்தம்.

இருமி முடிந்ததும் அண்ணாவியார் சொன்னார்: “யன்னலைத் திறவுங்கோடா.”

ஒருவரும் அசையவில்லை.

“அவங்கள் மெட்டைக் கொண்டு போனால் கொண்டு போகட்டும். திறவுங்கோ!”

அடுத்த நாள் விடிய, டப்பாக்களோடு கடற்கரைக்குப் போனேன். வாடைக் காற்று. எல்லோரையும் காற்றுக்கு முதுகு காட்டி, ஆளுக்கு ஆள் இடம் விட்டு வரிசையாய் நிறுத்தினேன். ராசா, மந்திரி, சேனாதிபதி, மீசை வைத்த ராணி, பிற்பாட்டுக்காரர் எல்லோரும் குனிந்து இருமுகிறார்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ராணிக்குச் சளி வரவேயில்லை. “அடிவயித்தில இருந்தடா, நேற்றுப் பழக்கின மாதிரி!” என்று அண்ணாவியார் வரிசைக் கடைசியில் இருந்து கத்தினார்.

தன் டப்பாவை அவர் கடைசியாகக் கொண்டுவந்து தந்தார். மூடியை இறுக்கிக்கொண்டே மெல்லச் சொன்னார்:

“என்ர அக்காவுக்கு இந்த வருத்தம் வந்தது, தம்பி. அப்ப நான் சின்னன். ஐயா அவளுக்குப் பனைக்கு அங்கால தனிக் குடில் போட்டுக் குடுத்தவர். அவள் தனியக் கிடந்து இருமினது இப்பவும் காதுக்குள்ள இருக்கு. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? எனக்கு ஆறு மாசமாத் தெரியும். சுருட்டை ஏன் கூட்டினனான்? இருமலுக்கு ஆக்களுக்குச் சொல்ல ஒரு காரணம் வேணுமெல்லோ.”

 டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

அண்ணாவியாருக்குக் காசநோய்தான். பிற்பாட்டுக்காரர் ஒருவருக்கும் இருந்தது. மற்றவர்கள் தப்பினார்கள். குடில் ஒன்றும் போடப்படவில்லை. அண்ணாவியார் சில கிழமைகள் வீட்டில் இருந்தார், பிறகு டொக்டர் அம்மா சொன்னபடி மண்டபத்து விறாந்தையில் கதிரை போட்டு, யன்னலுக்கு வெளியே இருந்து கையசைத்துப் பழக்கினார். கதிரையை எந்தப் பக்கம் போடுவது என்பதை நான் கைலேஞ்சி பிடித்துப் பார்த்துச் சொன்னேன். மருந்தை அவருக்கு நான் கொடுக்கவில்லை. தினமும் சந்தியோகு கொண்டுபோய்க் கொடுத்தார், இருவரும் ஒன்றாக விழுங்கினார்கள். “நாக்கைக் காட்டுங்கோ, அண்ணாவியார்” என்று ராசா அதட்டுவதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். சுருட்டை அவர் விடவில்லை. குறைத்தேன் என்றார். நான் நம்பவில்லை.

பேசாலைச் சம்பந்தக்காரர் “பாப்பம்” என்று சொல்லிப் போனார்கள், திரும்பி வரவில்லை. மகள் பின்னர் நல்ல இடத்தில் கட்டிச் சுகமாக இருக்கிறாள். ஆனாலும் அந்த மார்கழியில் அந்த வீட்டுக்குள் போக என் கால் கூசியது. சந்தியோகு ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. பிலோமினாதான் ஒரு நாள் தேநீரை என் முன்னால் வைத்துவிட்டு, “ராசாவுக்கு வாய் நேர்த்தியை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம்” என்றாள். நான் தேநீரைக் குடித்தேன்.

தைத் திருநாள் வந்தது. பொழுதுபட்டதும் கோயில் வெளியில் கூத்து மேடை, அதாவது களரி. வாடைக் காற்று தாராளமாக வீசியது. முன் வரிசையில் டொக்டர் அம்மா. காற்று வரும் பக்கமாய் இடம் பார்த்து இருந்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பக்கத்துக் கோயிலடிக்காரரும் வந்திருந்தார்கள், மெட்டுத் திருட அல்ல, பிழை பிடிக்க.

அண்ணாவியார் களரியில் முன்னால் நின்றார். முகத்தில் சதை பிடித்திருந்தது. பிற்பாட்டுக்காரர், வழக்கப்படி, அவருக்குப் பின்னால். காப்புப் பாட்டின் முதல் அடியை எடுத்தார். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை, தடையே இல்லாமல் கடலைப் பார்த்துப் போனது. அடி முடிந்தது. பிற்பாட்டு எழும்ப வேண்டும்.

எழும்பவில்லை.

மத்தளம் தனியே ஓடியது. அண்ணாவியார் திரும்பி முழிசினார். மறுபடியும் அதே அடியைப் பாடினார். மறுபடியும் அமைதி. பிற்பாட்டுக்காரர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்துக் கோயிலடிக்காரரில் ஒருவன் விசிலடித்தான்.

திரைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடி முடிகிற இடத்தில் வரும் இருமலைப் பிடித்துத்தான் அவர்கள் பாட்டை எடுக்கப் பழகியிருந்தார்கள். விறாந்தையில் இருந்தபோது அவருடைய கை தெரிந்தது. இங்கே முதுகுதான் தெரிகிறது. முதுகு இருமாமல் நிற்கிறது.

அண்ணாவியாருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். மூன்றாவது முறை அடியைப் பாடி முடித்தார். நெஞ்சில் கையை வைத்தார். இருமினார்.

பிற்பாட்டு அலை மாதிரி எழும்பியது.

முன் வரிசையில் டொக்டர் அம்மா எழுந்து நின்றுவிட்டார்.  தட்டத்தையும் செம்பையும் கீழே வைத்துவிட்டு, களரியைச் சுற்றி அவரிடம் ஓடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அண்ணாவியார் அடுத்த அடியைப் பாடினார், சுருதியோடு சேர்த்து இருமினார், பிற்பாட்டு எழும்பியது. அதற்கடுத்த அடியிலும் அப்படியே.

“டொக்டர்?” என்றேன்.

கண்ணைத் திறந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு கதிரையில் இருந்தார்.

“கள்ள இருமல். தொண்டையில இருந்துதான் வருது. நெஞ்சில ஒண்டுமில்லை” என்றார்.

பிறகு சிரித்தார். அத்தனை காலத்தில் நான் எத்தனையோ வித்தை காட்டியும் சிரிக்காத மனுசி, கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் பக்கத்து வெறும் கதிரையில் விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால், கிரீடத்தோடு சந்தியோகு களரிக்கு வந்துவிட்டார். பராக் சொல்ல ஆளில்லாமல், தன் வருகையைத் தானே கூறிக்கொண்டு.